காற்றில்லாத நேரத்து மணி

மணி அடித்தபோது தென்னையில் ஓர் ஓலைகூட அசையவில்லை.

மீனவர் சங்கத்து எழுத்தர் வேதநாயகம் தொட்டெழுதும் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு வெளியே ஓடி வந்தார். பேனாவில் மை இருந்ததால் கன்னத்தில் ஒரு நீலக்கோடு இறங்கியது. அதை அவர் கவனிக்கவில்லை. கடலைப் பார்த்தார். தாம்பாளத்தில் ஊற்றிய எண்ணெய் மாதிரி கிடந்தது. டீக்கடைப் புகையைப் பார்த்தார். நட்டுவைத்த கம்பாக நேரே மேலே போய்க்கொண்டிருந்தது.

"ணங்" என்றது மணி. சற்று நிதானித்து, யோசித்துப் பார்த்து அடிப்பதுபோல மறுபடியும் "ணங்".

சங்கக் கட்டடத்தின் முகப்பில் சிவப்புப் பலகை இறங்கியிருந்தது. பலகை இறங்கிவிட்டால் எந்த வள்ளமும் கடலுக்குப் போகக் கூடாது. அது சங்கத்தின் விதி. விதியை எழுதியவரும் வேதநாயகம்தான்.

கரையில் மூத்த வள்ளக்காரர் ஜெபமாலையும் அவர் ஆட்களும் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள். மணியைக் கேட்டதும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு வள்ளத்தைத் திருப்பி மணலுக்கு இழுத்தார்கள். பக்கத்து வள்ளத்துக்காரர்களும் அப்படியே செய்தார்கள்.

"ஏப்பா, காத்தே இல்லையேப்பா" என்றார் வேதநாயகம், மூச்சு வாங்கியபடி.

"மணி அடிச்சிருச்சே ரைட்டரய்யா."

"அது தப்பா அடிக்குது."

"அடிச்சது அடிச்சதுதான்" என்றார் ஜெபமாலை. தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்தார்.

மணி இருந்த மாடிக்குப் போகும் படி கட்டடத்தின் பின்பக்கம், வேதநாயகத்தின் வீட்டு வாசலுக்கு எதிரே இருந்தது. அவர் சுற்றிக்கொண்டு ஓடிப்போய்ச் சேர்வதற்குள் மணி ஓய்ந்துவிட்டது. மனைவி யாகப்பம்மாள் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"யாராச்சும் மாடியிலேருந்து இறங்கி ஓடினாங்களா?"

"யாரும் ஓடலை" என்றாள் அவள். "கன்னத்துல மை."

அந்தக் காற்று மணியை ஊருக்குக் கொண்டுவந்ததே வேதநாயகம்தான். தங்கச்சிமடத்துக்குக் கிழக்கே இருக்கும் அந்தச் சின்ன ஊரில் அதற்கு முன்னால் காற்றைக் கண்காணிக்க இயந்திரம் என்று ஒன்று கிடையாது. மொட்டை மாடியில் ஓர் இரும்புக் கம்பம். உச்சியில் நாலு தகரக் கிண்ணங்கள். காற்று அடித்தால் கிண்ணங்கள் சுழலும். சுழற்சி மிஞ்சினால், கீழே இடுப்புயரத்தில் ஒரு பெட்டிக்குள் இருக்கும் இரண்டு இரும்புக் குண்டுகள் விரிந்து ஒரு பித்தளைக் கம்பியைத் தூக்கும். கம்பி மேல்தகட்டைத் தொட்டால் லாரி பேட்டரியிலிருந்து மின்சாரம் பாய்ந்து சுத்தியல் மணியில் விழும். பலகையும் தானாக இறங்கும். மனிதக் கையே வேண்டாம். மண்டபத்தில் லாரி பழுது பார்க்கும் சீனி முகம்மது செய்துகொடுத்தது அது. "காத்து தன் வாயாலேயே சொல்லிரும் ரைட்டரே, நீங்க தூங்கலாம்" என்றிருந்தார் அவர்.

வேதநாயகம் தூங்கிப் பல மாதம் ஆகியிருந்தது. போன ஐப்பசியில் அவருடைய ஒரே மகன் கில்பர்ட், நண்டு வலையைத் தூக்கிவிட்டு வந்துவிடுகிறேன் என்று தனியாகச் சின்னப் படகான வத்தையை எடுத்துக்கொண்டு போனான். கிழக்கேயிருந்து கொண்டல் காற்று திடீரென்று பிடித்துக்கொண்டது. அவனும் வரவில்லை, வத்தையும் வரவில்லை, வத்தையின் ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. அந்தப் பலகை ஒதுங்காததை வேதநாயகம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். இலங்கைப் பக்கம் மன்னாரில் கரையேறியிருப்பான். காகிதம் எதுவும் இல்லாததால் பிடித்து வைத்திருப்பார்கள். விட்டதும் வருவான்.

பங்குச் சாமியார் வீடு தேடி வந்து, கோயில் மணி அடித்து ஒரு பூசை வைத்துவிடலாமே என்றார். "உசுரோட இருக்கிறவனுக்கு எதுக்கு சாமி பூசை?" என்று கேட்டு, உட்காரக்கூடச் சொல்லாமல் அனுப்பிவிட்டார் வேதநாயகம். யாகப்பம்மாள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அன்றைக்கு ஒரு மணி இருந்திருந்தால் பயல் திரும்பியிருப்பான் என்பது அவர் கணக்கு. அதனால்தான் ராமநாதபுரத்துக்கு நடையாய் நடந்து, அதிகாரிகள் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, இந்த இயந்திரத்துக்குப் பணம் வாங்கினார். இப்போது அது பொய் சொல்ல ஆரம்பித்திருக்கிறது. சும்மா சும்மா அடிக்கிற மணியை ஊர் எத்தனை நாள் மதிக்கும்? மெய்யாகவே காற்று வருகிற நாளில் எவனாவது ஒருத்தன், இதுக்கு வேற வேலையில்லை என்று சொல்லிவிட்டு வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போவான். அவனுக்கும் வீட்டில் ஓர் அய்யாவும் ஆத்தாளும் இருப்பார்கள்.

சீனி முகம்மது வந்தார். பெட்டியைத் திறந்து, குண்டுகளைத் தட்டிப் பார்த்து, பித்தளைக் கம்பியை முகர்ந்தே பார்த்தார்.

"மிஷின்ல கோளாறு இல்லை ரைட்டரே. ஆள் கை பட்டிருக்கு. இந்தக் கம்பியை விரலால தூக்கினா ஒரு அடி. விட்டுட்டுத் தூக்கினா இன்னொரு அடி."

"எவன் செய்வான் பாய்? எதுக்குச் செய்வான்?"

"கடலுக்குப் போகச் சோம்பல்பட்டவன் செய்வான். பள்ளிக்கூடத்துப் பயக செய்வாக. முதல்ல படியை அடைங்க."

வேதநாயகம் படியை அடைத்தார். உடைமரக் கிளைகளாக வெட்டிவரச் சொல்லி, கீழ்ப்படியிலிருந்து மேல்படி வரை முள்ளைப் பரப்பினார். வீட்டுக்குப் போய்க் காலில் தைத்த முள்ளை யாகப்பம்மாளை எடுக்கச் சொன்னார்.

"படி பூராவும் போட்டாச்சா?" என்று கேட்டாள் அவள், ஊக்கால் நோண்டிக்கொண்டே.

"ஈ காக்கா ஏற முடியாது."

மறுநாள் காலையில் மணி பேய் பிடித்ததுபோல அடித்தது. ஓய்வே இல்லை. ணங்ணங்ணங் என்று கிடுகிடுத்தது. வேதநாயகம் ஓடிவந்து அண்ணாந்து பார்த்தார். மாடியில் ஏழெட்டு ஆடுகள் நின்றன. ஒரு கிடா பெட்டியில் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தது.

ஆட்டுக்காரி பாண்டியம்மாள் கீழே இடுப்பில் கைவைத்து நின்றாள். கடலாடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள்.

"ஏத்தா, ஆட்டை இறக்கு முதல்ல."

"நான் எங்கிட்டு இறக்க? தின்னு முடிச்சாத்தான் இறங்கும். முள்ளோட காய்ஞ்ச நெத்துக் காயையும் சேத்துப் போட்டிருக்கீகளே. பந்தி போட்டுட்டு வராதேன்னா ஆடு கேக்குமா?"

"நெத்து இருக்கிறதை நான் பாக்கலை."

"ஆடு பாத்துருச்சு."

இதைவிடப் பெரிய அடி கரையில் விழுந்தது. சிவப்புப் பலகை இறங்கி நிற்க, மணி கிடுகிடுத்துக்கொண்டிருக்க, வள்ளங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடலில் இறங்கிக்கொண்டிருந்தன. வேதநாயகம் வேட்டி நனையத் தண்ணீருக்குள் போய்க் கையை விரித்தார்.

"போகாதீகப்பா, மணி அடிக்குது."

"அது ஆடு ரைட்டரய்யா" என்றார் ஜெபமாலை.

"ஆடுன்னு இங்கனேருந்து எப்படித் தெரியும்?"

"தாடி தெரியுதே."

வள்ளத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "ஏலே, சிரிச்சது போதும், துடுப்பைப் போடு" என்று ஜெபமாலை அதட்டினார். வள்ளங்கள் போய்விட்டன. மாலையில் எல்லாம் பத்திரமாகத் திரும்பின. ஆனாலும் வேதநாயகத்துக்குச் சோறு இறங்கவில்லை. மணியை மீறி ஒரு நாள் போனவன் இனி என்றைக்கும் போவான் என்று மனைவியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். அவள் மோரை ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

ஆனால் சில வாரம் கழித்து, ஆடில்லாத, காற்றில்லாத ஒரு காலையில் மணி பழையபடி நிதானமாக அடித்தது. ஒரு வள்ளமும் போகவில்லை. எல்லாரும் தண்ணீரிலிருந்து கரையேறி வீட்டுக்குப் போய்விட்டார்கள். கிடுகிடுவென்று அடித்தால் போகிறார்கள், மெதுவாக அடித்தால் நிற்கிறார்கள். இந்த ஊர்க்காரர்களின் மூளையை எந்தத் தகட்டில் எந்தக் கம்பி தொடுகிறதோ என்று வேதநாயகம் நொந்துபோனார்.

அடுத்ததாகக் கூண்டு செய்தார். மரச்சட்டம் அடித்து, சல்லடைக் கம்பியை வாங்கி, கிண்ணத்திலிருந்து பெட்டி வரைக்கும் கம்பத்தை முழுக்க மூடினார். குச்சிகூட நுழையக் கூடாது என்று கண் நெருக்கமான கம்பியாகவே வாங்கியிருந்தார். ஒரு கதவு, அதற்கொரு பூட்டு. சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டார்.

ஆடி பிறந்தது. ஒரு மத்தியானம் மேற்கே இருட்டி, காற்று மணலை வாரிக்கொண்டு வந்தது. டீக்கடைக் கீற்று பறந்தது. சங்கத்து ஜன்னல் கதவு ஒன்று கழன்று, மேசைமேல் இருந்த மைக்கூட்டை உருட்டிவிட்டது. வேதநாயகம் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். மணி அடிக்கவில்லை. ஊர்ந்து ஊர்ந்து மாடிக்குப் போனார். சல்லடைக் கண்களில் உப்பும் மணலும் அப்பி, கூண்டு சுவர் வைத்ததுபோல ஆகியிருந்தது. உள்ளே நாலு கிண்ணங்களும் சம்பந்தி வீட்டுக்கு வந்தவர்கள்போல அடக்கமாக உட்கார்ந்திருந்தன.

அவர் கூண்டைப் பிடித்துக்கொண்டு கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். கடலுக்குள் வள்ளங்கள் இருந்தன. மணி இருந்தும் அடிக்காத நாள் இது. உதடு தானாக மாதா மன்றாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தது.

சாயங்காலத்துக்கு முன்னால் எல்லா வள்ளங்களும் கரைக்கு வந்துவிட்டன. காற்று வலுக்கும் முன்பே ஜெபமாலை பாயைத் திருப்பியிருந்தார்.

"மணி அடிக்கலையேப்பா, எப்படித் திரும்பினீக?"

"அதான் ரைட்டரய்யா, இம்புட்டுக் காத்துக்கு மணி அடிக்கலையேன்னு பயந்து வந்துட்டோம்."

சீனி முகம்மது கூண்டின் சல்லடையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு, "காத்து உள்ள வரணும்னாலும் உங்க அரைஞாணத் தேடித்தான் வரணும் போல" என்றார்.

சல்லடையைப் பிரித்துவிட்டு, கை நுழையாத, காற்று நுழைகிற அளவில் கண் பெரிய கம்பி போட்டார்கள். பூட்டு மட்டும் அப்படியே இருந்தது. அலுவலக நேரத்தில் கீழே எழுதிக்கொண்டிருக்கிற ஆள் மாடியைப் பார்க்க முடியாது. நம்பிக்கையான ஓர் ஆள் காவலுக்கு வேண்டும். யோசித்துப் பார்த்து, சாவியை அரைஞாணிலிருந்து அவிழ்த்து யாகப்பம்மாளிடம் கொடுத்தார்.

"கம்பி துரு ஏறாம அப்பப்ப துடைக்கணும். வேற யாருக்கும் குடுத்துராத."

"குடுக்க மாட்டேன்" என்றாள். சாவியைச் சிலுவை தொங்கும் மணிமாலையோடு சேர்த்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

அடுத்த மாதமும் மணி அடித்தது. பூட்டு பூட்டியபடி இருந்தது. வேதநாயகம் மின்கம்பியை மாற்றினார். பேட்டரியை மாற்றினார். பெட்டிக்குத் தகர மூடி போட்டார். ஒன்றும் சரிப்படவில்லை.

"சாவி யார்கிட்ட இருக்கு?" என்று சீனி முகம்மது கேட்டார்.

"வீட்டுல."

"வீட்டுலயா?" அவர் யாகப்பம்மாள் இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தார். பார்வையை இறக்கிக்கொண்டு, "அப்ப ஜின்னோட வேலையாத்தான் இருக்கும்" என்றார். அன்றைக்குக் கூலியாக ஒரு டீயோடு நிறுத்திக்கொண்டு மண்டபத்துக்கு ரயில் ஏறிவிட்டார்.

பொய் மணி என்ற செய்தி எப்படியோ ராமநாதபுரம் வரைக்கும் போய்விட்டது. நேரில் வந்து பார்க்கிறேன், கோளாறு மெய்யானால் கழற்றிக்கொண்டு போய்விடுவேன் என்று கூட்டுறவு ஆபீசர் சொல்லியனுப்பினார். வேதநாயகம் கிண்ணங்களுக்கு எண்ணெய் போட்டார், பலகைக்குப் புதுச் சிவப்பு அடித்தார். ஆபீசர் வந்த அன்று ஐப்பசியில் அதிசயமாக வெயில் அடித்தது. கடல் அசையாமல் கிடந்தது.

ஆபீசர் நல்ல மனிதர். டீயைக் குடித்துக்கொண்டே பொறுமையாகக் கேட்டார்.

"முள்ளு போட்டோம் சார், கூண்டு போட்டோம், பூட்டு போட்டோம்" என்று வேதநாயகம் சொல்லிக்கொண்டு போனார். "இனிமே காத்தைத் தவிர இதை யாரும் தொட முடியாது. எம் மகன் மன்னார்லேருந்து வந்ததும் இதைத்தான் முதல்ல காட்டணும்னு இருக்கேன்."

"ணங்" என்றது மணி.

முகப்பில் பலகை இறங்கிற்று. ஆபீசர் டம்ளரைக் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, ஒரு முனையைப் பிடித்து வாசலில் தொங்கவிட்டார். அது இஸ்திரி போட்டதுபோல நேராகத் தொங்கியது.

"காத்து எங்கய்யா?" என்றார்.

"ணங்."

வேதநாயகம் பின்பக்கமாக ஓடினார். இந்தத் தடவை மணி ஓயவில்லை. படியேறிப் போகும்வரை அடித்துக்கொண்டே இருந்தது. கூண்டுக் கதவு திறந்து கிடந்தது. யாகப்பம்மாள் முக்காடு போட்டு மண்டியிட்டிருந்தாள். ஒரு கையில் ஜெபம் சொல்லும் மணிமாலை. மறுகை பெட்டிக்குள் இருந்தது. மாலையில் ஒரு மணியை உருட்டி முடித்ததும் பித்தளைக் கம்பியை ஒரு விரலால் மெல்லத் தூக்கினாள்.

"ணங்."

அவருக்கு முதலில் வாயில் வந்தது, "பூட்டு உடையலை" என்பதுதான்.

"சாவிதான் எங்கிட்ட இருக்கே" என்றாள் அவள், எழுந்திருக்காமல்.

"எல்லாம் நீயா? அத்தனை தடவையுமா?"

"ஆட்டைத் தவிர."

"முள்ளு போட்டிருந்தேனே."

"செருப்பு போட்டுக்கிட்டு வந்தேன்."

அவர் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கீழே ஆபீசர் யாரிடமோ கழற்றும் சாமான் கேட்டுக்கொண்டிருக்கும் குரல் வந்தது.

"ஏன் யாகப்பம்மா?"

"மாசாமாசம் இதே தேதிதான் அடிக்கேன். எல்லாத்துக்கும் தேதி போட்டு எழுதுற ஆளு, இதை மட்டும் பாக்கலை." அவள் அடுத்த மணியை உருட்டினாள். "இன்னையோட வருசம் திரும்புது. கோயில்ல அடிக்க நீங்க விடலை. நான் பெத்தவ. எனக்கும் ஒண்ணு அடிக்கணும்ல."

"அவன் மன்னார்ல இருக்கான்."

"சரி" என்றாள். அவளுடைய விரல் கம்பியைத் தூக்கியது.

அவளைத் தடுக்க அவர் கை நீண்டது. பாதியில் என்ன நினைத்ததோ, அது திரும்பி வந்து அவருடைய மேல்துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டது. பிறகு படியிறங்கினார்.

ஆபீசர் கீழே காத்திருந்தார். மேலே என்ன நடந்தது என்று அவர் கேட்கவில்லை. பேசியது அவ்வளவும் காதில் விழுந்திருக்கும் போலிருந்தது. "மிஷின் இருக்கட்டுமா வேண்டாமா, அது அப்புறம்" என்றார். "இத்தனை பேர் பிழைப்பு இத்தனை நாள் கெட்டிருக்கு. அவங்களுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

வேதநாயகம் கரைக்குப் போனார். வள்ளங்கள் எல்லாம் மணலில் ஏறிக் கிடந்தன. ஆட்கள் அவற்றின் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். வலை பின்னுகிறவன்கூடக் கையை மடியில் வைத்திருந்தான். எழுத்தரைக் கண்டதும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். அந்த மரியாதை அவரை இன்னும் குறுக்கியது.

"என்னை மன்னிச்சிருங்கப்பா" என்றார். "மணி காத்துக்கு அடிக்கலை. எம் பொஞ்சாதி கையால அடிச்சிருக்கா. இத்தனை மாசமும் உங்களை ஏமாத்தி வீட்டுல உக்கார வச்சிட்டோம். போங்கப்பா. கடல் நல்லாத்தான் இருக்கு, போயிட்டு வாங்க."

ஒருவரும் நகரவில்லை. ஜெபமாலைதான் பேசினார், அதுவும் தணிந்த குரலில், பக்கத்தில் வந்து.

"காத்துக்கு அடிக்கலைன்னு எங்களுக்குத் தெரியாதா ரைட்டரய்யா? நம்ம கில்பர்ட்டுக்குத் துக்கமணி அடிக்கையில எவன் கடலுக்குப் போவான்?"